வெயிலின் அருமை பனியில் தெரியுமா?

கேள்வி: சேலம், அஸ்தம்பட்டி வாசகர். 2024 டிசம்பர் 5, மாலை 6.30

என் மகள் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில், ஈரி ஏரியின் கரையிலுள்ள ஈரி நகரில் இருக்கிறாள். நவம்பர் கடைசியில் தொடங்கிய பனிப்புயல் நாள்கணக்கில் கொட்டி, வாசல் கதவைத் திறக்க முடியாதபடி செய்துவிட்டதாம். புயல் விட்டு வெயில் வந்த காலையில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். "அப்பா, இப்படி ஒரு நாளை நான் பார்த்ததே இல்லை" என்கிறாள். நமக்கு இந்த அனுபவமே கிடையாது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். வெயிலை ரசிப்பது குளிர்நாட்டுக்காரர்களுக்கு மட்டுமே வாய்த்த சுகம் என்பது என் கருத்து. மறுப்பவர் உண்டா?

நாகலூர்க்காரி. டிசம்பர் 5, இரவு 8.10

மறுக்கிறேன்.

ஏற்காட்டில், நாகலூர் பக்கம் இரண்டரை ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். நேற்று, புதன்கிழமை காலை, எங்கள் வாசலுக்கு வந்த வெயிலை உங்கள் மகள் பார்த்திருந்தால் ஈரியை மறந்திருப்பாள்.

ஃபெஞ்சல் புயல் சனிக்கிழமை இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. கரையேறிய புயல் பலம் குறைந்து போய்விடும், நமக்கு மிஞ்சினால் தூறல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அது நின்று நின்று உள்ளே வந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் மலையில் ஞாயிறும் திங்களும் தகரக் கூரையின் மேல் ஒரே இரைச்சல். அடுத்த அறையில் இருக்கும் அம்மாவைக் கூப்பிடத் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. மலைப்பாதையில் மண் சரிந்து, பாறை உருண்டு, போக்குவரத்து நின்றது. மின்சாரம் போனது. விறகு நனைந்து, அடுப்பு புகையைத்தான் தந்தது.

இதெல்லாம் பெரிதில்லை. கார்த்திகை மாதம் எங்களுக்குப் பழம் பறிக்கும் காலம். சனிக்கிழமை வரை பறித்த பழத்தைத் தோல் நீக்கி, ஊற வைத்து, கழுவித் தயாராக வைத்திருந்தோம். கழுவிய கொட்டை உடனே காற்றையும் வெயிலையும் பார்க்க வேண்டும். களத்தில் போட வழியில்லை. முன்கூடம், அடுப்படி, அம்மாவின் கட்டிலுக்கு அடி என்று வீடு முழுக்கப் பரப்பினோம். மின்விசிறி ஓடவில்லை. அம்மாவும் நானும் முறை வைத்து மணிக்கு ஒரு தடவை கையால் புரட்டினோம், இரவிலும். திங்கட்கிழமை நள்ளிரவில் ஒரு கைப்பிடியை அள்ளி மூக்கருகே கொண்டு போனேன். லேசாகப் புளித்த வாடை. அந்த வாடை வந்துவிட்டால் ஒரு வருட உழைப்பு கையை விட்டுப் போகிறது என்று பொருள். அம்மாவிடம் சொல்லவில்லை. அவரும் முகர்ந்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. இது நேற்றுத்தான் தெரிந்தது.

செவ்வாய் முழுவதும் மூட்டம். மழை விட்டும் தூவானம் விடவில்லை. புதன் காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்தது. கூரையில் சத்தம் இல்லை. கதவைத் திறந்தால் நட்சத்திரம்! ஐந்து நாளாகக் காணாமல் போயிருந்த வானம் அப்படியே திரும்பி வந்திருந்தது.

எங்கள் இடம் கொஞ்சம் பள்ளம். வெயில் முதலில் சில்வர் ஓக் மரங்களின் உச்சியில் விழும். உச்சி மஞ்சளாகும், பிறகு நடுமரம், பிறகு மிளகுக்கொடி, அதற்கும் பிறகுதான் தரை. இறங்கி வர ஒரு மணி நேரம் பிடிக்கும். நேற்று நான் களத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு அது இறங்குவதையே பார்த்தேன். ஏழேகாலுக்குக் களத்தின் கிழக்கு மூலையில் ஒரு முழ அகலத்துக்கு வெளிச்சம் விழுந்தது. சிமெண்டில் தேங்கியிருந்த ஈரம் ஆவியாக மேலே எழுந்தது, சோற்றுப் பானையைத் திறந்தால் எழுமே, அதைப் போல. அம்மா வந்து அந்த ஒரு முழத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எழுபத்து நான்கு வயது. கண்ணை மூடிக்கொண்டு, "மகராசன் வந்துவிட்டான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இதை அனுபவம் என்று ஒத்துக்கொள்வீர்களா ஐயா?

டிசம்பர் 5, இரவு 9.40

ஈரியை மறந்திருப்பாள் என்று எழுதியது அதிகம். நான் பனிப்புயலைப் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணின் மகிழ்ச்சி அவளுடையது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு உங்கள் செய்தியைப் படித்துக் காட்டினேன். "கதவு திறக்காவிட்டால் பால்காரர் எப்படி வருவார்?" என்று கேட்கிறார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறார். கேட்டுச் சொல்லுங்கள்.

டிசம்பர் 6, மதியம் 1.15

ஒரு விஷயம் இரவு முழுக்க மனத்தில் ஓடியது. நவம்பர் 29, 30, டிசம்பர் 1. ஈரியில் பனி கொட்டியதும் இங்கே மழை கொட்டியதும் ஏறத்தாழ ஒரே வார இறுதி. அங்கே ஒரு வீடு, இங்கே ஒரு வீடு, இரண்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

அக்கா மகன் புவியியல் படித்தவன். போன் செய்து கேட்டேன். ஈரியில் விழுவது 'ஏரிப் பனி' என்றான். குளிர்காலத் தொடக்கத்தில் ஏரித் தண்ணீரில் கோடையின் சூடு இன்னும் பாக்கி இருக்கும். வடக்கிலிருந்து உறைகுளிர்க் காற்று அதன் மேல் வரும்போது, அடியிலிருக்கும் சூடும் ஈரமும் அதில் ஏறிக்கொள்ளும். கரையைத் தொட்டதும் அத்தனையையும் பனியாக இறக்கிவிடும். அக்கரையில் ஒரு செதிலும் விழாமல் இக்கரையில் ஆள் உயரத்துக்குக் கூட விழலாம். ஏரி முழுதும் உறைந்து மூடிக்கொண்டால் ஈரம் கிடைக்காமல் இந்தப் பனி அடங்கிவிடும்.

நம்முடையதும் அதே கணக்குத்தானே? வங்கக் கடலின் சூடும் ஈரமும். அதைச் சுமந்து வந்த காற்று எங்கள் சேர்வராயன் மலையில் முட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்தால் ஈரத்தைத் தாங்க முடியாமல் கீழே விட்டுவிடுகிறது. அவர்களுக்கு ஏரி, நமக்குக் கடல். அங்கே பூஜ்யத்துக்குக் கீழே, இங்கே மேலே. பஞ்சாக விழுவதா தாரையாக விழுவதா என்பதை அந்தக் கோடு தீர்மானிக்கிறது.

வெயில் வரும் விதத்தில் மட்டும் வித்தியாசம் இருக்கிறது. அங்கே புயலுக்குப் பின்னால் பாரமான வறண்ட குளிர்காற்று வந்து அழுத்தி உட்காரும். மேகம் கலைந்து வானம் துடைத்துவிட்டது போலாகும், ஆனால் குளிர் முன்பைவிடக் கூடும். மேகப் போர்வை இல்லாத இரவில் தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும் அல்லவா? அதனால் வெயில் பளீரென்று அடிக்கும், சூடு இருக்காது. எங்களுக்கோ புயலின் மிச்சம் மேற்கே அரபிக் கடல் பக்கம் போய்ச் சேரும்வரை விடிவு இல்லை. வெயில் வந்தால் உடனே முதுகில் சுடும்.

டிசம்பர் 7, காலை 10.05

ராசிபுரத்துத் தம்பி ஒருவர் கீழே எழுதியிருந்தார்: "பனி மேல் வெயில் பட்டால் கண் கூசும் என்கிறார்கள், அதற்கு ஈரி வரை போக வேண்டுமா, சேகோ ஆலைக்கு வாருங்கள்." தம்பி, நீங்கள் சொன்னது என்னைச் சின்ன வயதுக்குக் கொண்டு போய்விட்டது.

என் பெரியம்மா வீடு ஆத்தூர் வழியில். பக்கத்தில் ஜவ்வரிசி ஆலை. குச்சிக்கிழங்கை, அதுதான் மரவள்ளியை, அரைத்து, பாலை வடித்து, தொட்டியில் தெளிய விட்டு, அடியில் படிந்த மாவை வெட்டி எடுத்துக் களத்தில் காய வைப்பார்கள். ஏக்கர் கணக்கில் வெள்ளை. எட்டு வயதில் அந்தக் களத்தின் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். காலை ஒன்பது மணிக்கே கண்ணைத் திறக்க முடியாது. கீழேயிருந்து வெளிச்சம் எழும்பி மோவாயில் அடிக்கும். வேலை செய்யும் பெண்கள் முந்தானையைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, மரப்பலகை வைத்த கோலால் மாவை வரி வரியாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். தள்ளிய தடம் உழுத நிலம் போலத் தெரியும். வரியின் ஒரு பக்கம் வெள்ளை, இன்னொரு பக்கம் மெல்லிய நீலம். ஆமாம், நீலம். வெள்ளையில் விழும் நிழல் கறுப்பாக இருக்காது, வானத்தின் நிறத்தை வாங்கிக்கொள்ளும். உங்கள் மகளின் படத்திலும் அதைப் பார்த்தேன் ஐயா. பனியில் வேலி விழுத்திய நிழல் நீலமாகத்தான் இருக்கிறது.

புதிதாக விழுந்த பனி தன் மேல் படும் வெளிச்சத்தில் 80 முதல் 90 விழுக்காடு வரை திருப்பி அனுப்பிவிடுமாம். அதனால்தான் அந்த வெயிலில் பனி சட்டென்று உருகுவதில்லை. கறுப்புக் கண்ணாடி போடாமல் நெடுநேரம் இருந்தால் கண் பழுத்துவிடுமாம். மோவாய்க்கு அடியில்கூடத் தோல் கன்றுமாம். எங்கள் ஈர மண் இதற்கு நேர் எதிர். வெளிச்சத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும். விழுங்கியதைச் சூடாக, ஆவியாக, மண்வாசனையாகத் திருப்பித் தரும்.

மழை நாளில் அந்த ஆலைக்காரர்கள் படும் பாட்டையும் பார்த்திருக்கிறேன். மேகம் கறுத்தால் களம் முழுக்க ஓட்டம். மாவு நனைந்து இரண்டு நாள் கிடந்தால் புளித்துவிடும். என் முன்கூடத்தில் நான் முகர்ந்த அதே வாடை. அதை எழுதும்போது இது ஞாபகம் வரவில்லை, இப்போது வருகிறது.

டிசம்பர் 8, மாலை 5.50

இன்று ஞாயிறு. மதியம் கொட்டையை மூடிவிட்டு லேடீஸ் சீட் காட்சிமுனை வரை போனேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் அங்கெல்லாம் போவதில்லை, அது வெளியூர்க்காரர்கள் இடம். ஆனால் ஐயா கேட்ட கேள்வி என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

கூட்டம் இல்லை. பாதை நிலவரத்தால் யாரும் ஏறி வரவில்லை போலிருக்கிறது. காற்றில் ஒரு துளி தூசி கிடையாது. வழக்கமாகச் சேலம் ஒரு சாம்பல் கம்பளிக்குள் கிடக்கும். இன்று தெருத் தெருவாக எண்ணலாம். கஞ்சமலை அடுத்த வீட்டுத் திண்ணை போல அத்தனை பக்கத்தில். மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்கத்து மேடுகள் வெயிலில் பளபளத்தன. வெள்ளைக்காரர்கள் அந்த மேடுகளுக்குச் 'சுண்ணாம்புக் குன்றுகள்' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். இருப்பது சுண்ணாம்பு அல்ல, மாக்னசைட். தூரத்திலிருந்து பார்த்தால் பனி விழுந்து மிச்சம் கிடப்பது போலவே இருக்கிறது.

மழை காற்றைக் கழுவுகிறது என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. விழும் ஒவ்வொரு துளியும் வழியில் தூசியை ஒட்டிக்கொண்டு கீழே வருகிறது. பனிச்செதிலும் அப்படியே செய்யும். புயலுக்கு மறுநாள் வானம் அத்தனை ஆழ்ந்த நீலமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வெளிச்சத்தைச் சிதறடித்து வெளிறச் செய்யும் தூசி அன்று இல்லை.

இன்னொன்று, மேட்டூர் அணைத் தண்ணீர் மின்னுவதைப் பார்த்தேன். வெறும் கண்ணால்!

டிசம்பர் 8, இரவு 10.20

திருத்தம். கன்னங்குறிச்சிக்காரர் ஒருவர் சரியாகக் கேட்டிருக்கிறார்: "எந்தப் பக்கம் பார்த்தீர்கள்?" நான் பார்த்தது நேர் கீழே, ஊரை ஒட்டி. மேட்டூர் மேற்கே வெகு தூரத்தில் இருக்கிறது. நடுவில் திட்டுத் திட்டாக மரம் தெரிந்ததா என்றும் கேட்டார். தெரிந்தது. அப்படியானால் அது மூக்கனேரி. அவர் வீட்டுப் பின்னால் இருக்கும் ஏரி.

அதில் எனக்கு வருத்தம் இல்லை, மகிழ்ச்சிதான். எங்கள் மலையில் விழுந்த தண்ணீர் ஓடை ஓடையாக இறங்கி அந்த ஏரிக்கும் போகிறது. நான் கூரைக்கு அடியில் கொட்டையைப் புரட்டிக்கொண்டே திட்டிக்கொண்டிருந்த மழை, ஒரு வாரத்துக்குள் கீழே போய் வெயிலில் மின்னுகிறது.

டிசம்பர் 10, பிற்பகல் 3.00

'பனி' என்ற சொல்லைப் பற்றிச் சண்டை வந்திருக்கிறது. ஏற்காட்டில் பனி பொழிகிறது என்று எழுதுவது பொய் என்கிறார் ஒருவர்.

பொய் இல்லை. தமிழில் பனி என்றால் புல்லில் நிற்கும் துளியும் பனி, மூட்டமும் பனி, இமயத்தில் கிடப்பதும் பனி. ஈரியில் விழுவது வேண்டுமானால் வெண்பனி என்று சொல்லிக்கொள்ளலாம். ஊட்டியில் மார்கழி தையில் புல் வெளுத்து நொறுங்குவது உறைபனி. அந்த ஊர் எங்களைவிட ஏழு நூறு மீட்டருக்கு மேல் உயரம், அங்கே அது வரும். இங்கே அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,200 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில் எட்டு டிகிரி. கீழே சட்டை போதும், மேலே ஸ்வெட்டர் வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் நம் முன்னோர் ஆண்டை ஆறாகப் பிரித்தபோது அதில் இரண்டுக்குப் பனியின் பெயரை வைத்தார்கள். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. பனிப் பருவங்கள் தொல்காப்பியத்திலேயே இருக்கின்றன. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பழமொழியும் இருக்கிறது. வெண்பனியே விழாத ஊர்க்காரர்கள் ஆண்டில் நான்கு மாதத்தைப் பனிக்குக் கொடுத்திருக்கிறார்கள். விடியற்காலையில் முதுகுக்கு வெயில் தேடாத சனம் இதைச் செய்திருக்குமா?

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது சேலத்துச் சித்திரை மாதத்துக்குப் பொருந்தும். பழமொழியைக் குறை சொல்லவில்லை.

டிசம்பர் 13, இரவு 7.30

கார்த்திகை தீபம். மறுபடியும் மழை. நேற்றிலிருந்து மூட்டம், அகல் வாசலில் நிற்கவில்லை, உள்ளே நடையில் ஏற்றினோம். இந்த முறை கொட்டை ஓரளவு காய்ந்துவிட்டது, சாக்கில் கட்டி மேடையில் அடுக்கியாயிற்று. ஆகையால் மழைச் சத்தம் பயமாக இல்லை. உட்கார்ந்து எழுத முடிகிறது.

ஐயா மூன்று நாள் முன்பு கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். "அம்மா, நீங்கள் சொல்வது கொட்டை காய்ந்த நிம்மதி. என் மகள் சொல்வது அழகு. அவளுக்கு அந்த வெயிலால் ஆதாயம் எதுவும் இல்லை, இருந்தும் மகிழ்ந்தாள். இரண்டும் ஒன்றா?" என்று கேட்டிருந்தீர்கள். கேள்வி தைத்துவிட்டது. வேலைக்காரியாகவே அந்தக் காலையைப் பார்த்திருக்கிறேனோ என்று யோசித்தேன்.

இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது. அந்தப் புதன்கிழமை பத்தரை மணிக்கு மேல் நான் களத்திலிருந்த கொட்டையை மூடினேன். ஆமாம், ஐந்து நாளாக எந்த வெயிலுக்காகத் தவம் கிடந்தேனோ, அந்த வெயிலை மறைத்துத் துணி போட்டேன். ஈரக் கொட்டை திடீரென்று கடும் வெயிலைப் பார்த்தால் மேல் ஓடு வெடித்துவிடும். முதல் இரண்டு மூன்று நாள் காலை வெயிலும் மாலை வெயிலும் மட்டும் காட்ட வேண்டும். உச்சி வேளையில் மூட வேண்டும். என் அப்பா கற்றுக்கொடுத்தது. செடியும் அப்படித்தான். காப்பி நிழலில் விளையும் பயிர். சில்வர் ஓக் குடை பிடிக்காவிட்டால் இலை கருகிவிடும். நிழலில் விளைந்து வெயிலில் காய்கிறது. நிழலா வெயிலா என்று என்னிடம் கேட்டால் பதில் சொல்ல வராது, நான் நாள் முழுக்க இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பவள்.

இரண்டாவது. மூடிய பிறகு எனக்கு வேலை இல்லை. மூன்று மணி வரை வேலை இல்லை. உள்ளே போய்ப் படுத்திருக்கலாம், ஐந்து இரவு தூங்கவில்லை. போகவில்லை. களத்துக்குக் கீழே ஒரு கல் கட்டு இருக்கிறது, அதில் உட்கார்ந்தேன். பக்கத்துக் கல்லில் ஒரு வண்ணத்துப்பூச்சி, பழுப்பு நிறம், இறக்கை ஓரம் கிழிந்து இரண்டு இடத்தில் பிய்ந்திருந்தது. மழையில் எங்கே ஒட்டிக்கொண்டு தப்பித்ததோ. இறக்கையை அகல விரித்துக் கல்லோடு கல்லாகப் படுத்தாற்போல் கிடந்தது. உடம்பு சூடேறாமல் அதனால் பறக்க முடியாது, வெயிலை இறக்கையில் வாங்கிக்கொண்டுதான் எழ வேண்டும். கொஞ்ச நேரத்தில் இறக்கை நடுங்க ஆரம்பித்தது. நடுங்கிற்று, நின்றது, மறுபடி நடுங்கிற்று. பிறகு சட்டென்று மூடித் திறந்து, கிழிந்த இறக்கையோடே எழும்பிக் காப்பிச் செடிகளுக்குள் போய்விட்டது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வலது காது சுட்டது, இடது காது குளிர்ந்தது. எங்கேயோ சின்னான் குருவி ஒன்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. சில்வர் ஓக் இலையிலிருந்து சொட்டும் தண்ணீர் வெயிலைத் தாண்டும் ஒரு கணம் மட்டும் ஒளிர்ந்து நிழலுக்குள் விழுந்தது. எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. அம்மா வந்து சாப்பிடக் கூப்பிட்டபோது ஒன்றரை மணி.

அதில் ஆதாயம் எதுவும் இல்லை ஐயா. கொட்டையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

முதல் நாள் எழுதியதில் இதை ஏன் விட்டேன் என்று இப்போது யோசிக்கிறேன். சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று வெளியே சொல்ல எங்கள் ஊரில் பெண்களுக்கு வாய் வராது. அதுதான் காரணம். தயவுசெய்து இதைப் படிக்கும் தோட்டக்காரப் பெண்கள் யாராவது இருந்தால், நீங்களும் எழுதுங்கள். நான் ஒருத்தி மட்டும் இருக்க முடியாது.

டிசம்பர் 14, காலை 6.45

இரண்டு பேர் எழுதிவிட்டார்கள்! ஒருவர் மஞ்சக்குட்டைக்காரர், ஒருவர் கொல்லிமலை. கொல்லிமலை அக்கா மிளகுக்கொடி கட்டும் ஏணியின் மேலேயே அரை மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தாராம். கீழே இறங்க மனம் வரவில்லையாம்.

டிசம்பர் 22, இரவு 8.00

கொட்டை என்ன ஆனது என்று நிறையப் பேர் கேட்டதால் எழுதுகிறேன். புயலில் மாட்டிய கொட்டையையும் அதற்குப் பின் பறித்ததையும் கலக்காமல் தனித்தனியே வைத்தேன். ஈரம் பத்து விழுக்காட்டுக்கு வந்தால்தான் மூட்டை கட்ட வேண்டும். அளக்கக் கருவி உண்டு, நான் பல்லால் பார்ப்பேன். ஈரம் இருந்தால் பல் அமுங்கும். காய்ந்திருந்தால் 'டக்' என்று நிற்கும், தடம்கூட விழாது. கையில் அள்ளிக் குலுக்கினால் சத்தம் மாறியிருக்கும், கூழாங்கல் சத்தம்.

புயல் கொட்டையை எடுத்துப் போனவர் முகர்ந்து பார்த்து விலையைக் குறைத்தார். குறைத்தது நியாயம்தான், வாடை முழுதும் போகவில்லை. செடியில் இருந்த பழத்திலும் நல்ல பங்கு வெடித்து உதிர்ந்துவிட்டது. நனைந்த தரையிலிருந்து பொறுக்கியதைத் தனியாகக் காய வைத்திருக்கிறேன். ஆகவே, வெயில் வந்தது, எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். போனது போனதுதான். பின்னால் பறித்தது நன்றாக வந்திருக்கிறது.

நிறம் பார்க்க வேண்டுமே! வைக்கோல் மஞ்சள். கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பு. மாலை ஐந்து மணிக்குக் குவித்து மூடும்போதும் அந்த வெதுவெதுப்பு இருக்கும். அம்மா மூடுவதற்கு முன்னால் தினமும் இரண்டு கையையும் முழங்கை வரை உள்ளே விட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறார். மூட்டு வலிக்கு நல்லது என்கிறார்.

2025 ஜனவரி 5, காலை 11.20

ஐயா, உங்கள் மகளிடம் கேட்டு எழுதியதற்கு நன்றி. புயலுக்கு மறுநாள் காலையில் அவளுக்கு முதலில் தட்டுப்பட்டது வெளிச்சம் அல்ல, அமைதி என்று சொன்னாளாமே. அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். புதுப் பனியில் பெரும்பகுதி காற்றுத்தான், செதில்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகள் ஓசையை வாங்கி உள்ளேயே வைத்துக்கொள்ளும் என்று அக்கா மகன் சொன்னான். எங்களுக்கும் முதலில் வந்தது அமைதிதான். ஆனால் அவள் அமைதி பனி கிடப்பதால் வந்தது. என்னுடையது மழை நின்றதால் வந்தது. எழுப்பிவிட்டது இருவரையும் அதுதான்.

பால்காரர் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன், அங்கே யாரும் வாசலுக்கு வருவதில்லை, வாரத்துக்குச் சேர்த்து வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்கிறார்கள் என்று. அம்மா அதை ஏற்கவில்லை. "பிள்ளை தனியாக இருக்கிறாள் என்று சொல்" என்றார்.

அம்மாவின் அடுத்த கேள்வி: பனி விட்ட அன்று வெளியே கொடியில் துணி போட்டால் காயுமா?

ஜனவரி 7, இரவு 9.15

காயுமாம்! நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு இரண்டு முறை படித்தேன். உங்கள் மகள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டு, ஒரு துண்டை நனைத்துப் பின்கட்டில் வெயிலில் தொங்கவிட்டுப் பார்த்தாளாமே. முதலில் பலகை போல விறைத்து, நிறுத்தி வைத்தால் நிற்கும் அளவுக்கு ஆகி, மாலையில் பெரும்பாலும் ஈரம் போயிருந்ததாம். ஐஸ் தண்ணீராகாமல் நேரே ஆவியாகப் போய்விடும், காற்று வறண்டிருந்தால் போதும்.

அம்மா நம்பவில்லை. பிறகு நம்பினார். இப்போது அந்தத் துண்டின் படம் வேண்டும் என்கிறார், விறைத்து நிற்கும்போது எடுத்தது.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் மேலே வாருங்கள் ஐயா. பாதை சரியாகிவிட்டது. ஏழு மணிக்குள் வந்தால் வெயில் மரத்திலிருந்து இறங்குவதைப் பார்க்கலாம். இன்று ஏழு இருபத்தைந்துக்குக் களத்தைத் தொட்டது.